சென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போக: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

சைக்கிளில் ஆபீஸ் போகலாமா என்று நினைப்பு வந்ததும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், எந்த சைக்கிள் வாங்கலாம் என்று தேடுவது. மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, இருபதாயிரம் போட்டு வாங்கி, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு நேராக ஓ.எம்.ஆரில் இறங்குவார்கள். பின்னால் தண்ணி லாரி, பக்கத்தில் ஷேர் ஆட்டோ, முன்னால் மெட்ரோ வேலைக்கு அடித்து வைத்த தடுப்பு. புதன்கிழமைக்குள் சைக்கிள் பால்கனிக்குப் போய், அதன்மேல் துண்டு காயும். சைக்கிளில் ஒரு குறையும் இருந்திருக்காது. போன வழியும் போன நேரமும்தான் சரியில்லை. அதனால் இங்கே சைக்கிள் வாங்கும் கதை கொஞ்சம் தள்ளித்தான் வரும்.

சென்னையை வைத்தே எழுதுகிறேன். மதுரைக்காரர்களும் கோவைக்காரர்களும் காற்று, மழை பற்றிச் சொல்வதை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் வழி

பஸ் போகும் வழியும் பைக்கில் போகும் வழியும் சைக்கிளுக்கு ஒத்துவராது. பைக்காரர் வேகத்துக்காக அகலமான சாலையைத் தேடுவார். நம் வேகம் எந்தச் சாலையிலும் மணிக்கு 15 கிலோமீட்டரைச் சுற்றித்தான். ஆகவே சிக்னல் குறைவாக, மற்ற வண்டிகளும் மெதுவாகப் போகிற தெருவில்தான் நமக்கு லாபம். சென்னையின் பெரிய சாலைகள் பலவற்றுக்குப் பக்கத்திலேயே குடியிருப்புத் தெருக்கள் கூடவே ஓடுகின்றன. பைக்கில் போகிறவரைக்கும் அவை கண்ணில் படுவதில்லை.

மந்தைவெளியில் வீடு, டைடல் பார்க்கில் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஏழு கிலோமீட்டர் வரும். மேப்பைக் கேட்டால் திரு.வி.க. பாலம் ஏறி, அடையாறு சிக்னல் வந்து, எல்.பி. ரோடு பிடி என்று சொல்லும். இல்லையென்றால் சர்தார் படேல் சாலையில் மத்திய கைலாஷ் போய் ஓ.எம்.ஆரில் திரும்பச் சொல்லும். காலை வேளையில் இரண்டுமே புதியவருக்கு வேண்டாம். பாலம் இறங்கியதும் வலப்பக்கம் காந்தி நகர். அதற்குள் நுழைந்து, சர்தார் படேல் சாலையை ஒரே ஒரு இடத்தில் குறுக்காகக் கடந்து, கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர் என்று உள்ளாகவே போனால் டைடல் சிக்னல் பக்கம் வந்து சேரலாம். வழியெல்லாம் மர நிழல். தூரம் கொஞ்சம் கூடலாம். சிக்னலில் நிற்பது குறைவதால் நேரம் பெரிதாகக் கூடாது.

இப்படி உங்கள் வழியை மேப்பில் வரைந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலை ஒருமுறை போய்ப் பாருங்கள். இதற்குச் சொந்த சைக்கிள்கூட வேண்டாம். மச்சான் சைக்கிளோ, பள்ளியில் பிள்ளைக்குக் கொடுத்த சைக்கிளோ போதும். போகும்போது கவனிக்க வேண்டியவை சில. எங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது, எந்தத் தெருவில் நாய்க் கூட்டம், எந்த முனையில் பள்ளிக்கூடம், எங்கே சுரங்கப்பாதை. பள்ளிக்கூடம் இருந்தால் எட்டு மணியிலிருந்து எட்டரை வரை அந்தத் தெரு வேன்களுக்குத்தான். பிறகு லீவு போட்ட ஒரு வேலைநாளில், நிஜமாகக் கிளம்பும் நேரத்தில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாலையும் செவ்வாய்க்கிழமை சாலையும் ஒன்றல்ல.

வலப்பக்கம் திரும்புவதுதான் புதியவர்களுக்குப் பெரிய பயம். அதற்கு எளிய வழி இருக்கிறது. இடது ஓரமாகவே சிக்னலைத் தாண்டிப் போய் எதிர்முனையில் நின்று, இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதசாரிகளோடு கடந்துவிடுங்கள். சைக்கிளை விட்டு இறங்கிவிட்டால் நீங்களும் நடந்து போகிறவர்தான். இந்தச் சலுகை பைக்குக்குக் கிடையாது, ஆகவே வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். மேம்பாலங்களுக்கும் இதே மாதிரிதான்: கீழே வழி இருந்தால் கீழேயே போங்கள். கத்திப்பாரா போன்ற இடங்களில் வளைவுச் சாலைகள் இரண்டு பக்கமும் வந்து சேரும். இடப்பக்கமிருந்து ஒரு கார் வேகமாக நுழையும்போது நீங்கள் அதற்கும் நேர்ச்சாலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பக்கம் போகாமலேயே வேலைக்குப் போக முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அந்தத் துண்டு வரைக்கும் ரயில்.

தூரம் பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் முழுக்க சைக்கிளில் போகலாம். எட்டு கிலோமீட்டருக்கு முதல் வாரங்களில் நாற்பது நிமிடம் வையுங்கள். பதினைந்து, இருபது என்றால் பாதி ரயில், பாதி சைக்கிள் என்று பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். தாம்பரம் லைனிலும் பறக்கும் ரயில் பாதையிலும் பல ஸ்டேஷன்களில் சைக்கிள் ஸ்டாண்டு இருக்கிறது. வீட்டிலிருந்து ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர் என்றால் அந்த மூன்றுக்கு மட்டும் சைக்கிள் எடுத்தாலும் ஆட்டோ பேரம் மிச்சம்.

நேரமும் காற்றும்

எட்டு மணிக்கு முன்னால் கிளம்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சாலை காலி, வெயில் ஏறவில்லை, ஆபீஸ் பாத்ரூமும் காலி. சீக்கிரம் போய் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: டீ குடிக்கலாம்.

காற்றைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கோடையில் சென்னைக்குக் காலையில் மெல்லிய தரைக்காற்று மேற்கிலிருந்து வரும். பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து ஏறும். போரூர், வளசரவாக்கம் பக்கமிருந்து நகரத்துக்குள் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலான நாட்களில் இரண்டு வேளையும் காற்று முதுகில்தான். அடையாறில் குடியிருந்து கிண்டி எஸ்டேட்டுக்குப் போகிறவர் மாலையில் எதிர்காற்றில் மிதிக்க வேண்டும். ‘காலையில் சுலபமாக இருந்தது, சாயங்காலம் ஏன் இப்படி இழுக்கிறது’ என்று பலர் சைக்கிளைச் சந்தேகப்படுவார்கள். பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்று ஒருமுறை சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். உரசவில்லையென்றால் காற்றுதான் காரணம், கியரைக் குறைத்து மெதுவாக மிதியுங்கள். மே மாதத்தில் கடற்காற்று தாமதமாக வரும் நாட்களில்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கத்திரி வெயில் நாட்களில் மாலை ஐந்தரைக்கு முன்னால் கிளம்பாதீர்கள்.

இப்போது சைக்கிள்

வழி தெரிந்துவிட்டதால் எந்த சைக்கிள் என்பது தானாகவே முடிவாகும். சென்னை மேடு பள்ளம் இல்லாத ஊர். ஐந்தாறு கிலோமீட்டருக்குக் கியரே தேவையில்லை. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி வருகிற சாதாரண சைக்கிளே வேலைக்குப் போக நல்ல சைக்கிள். 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. நிறுவனத்தின் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் வண்டிகளுக்கு எந்தத் தெருமுனைக் கடையிலும் பார்ட்ஸ் கிடைக்கும். அதற்கு மேல் தூரம் என்றால், 35 மில்லிமீட்டர் அகல டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள் (ரேஸ் சைக்கிளுக்கும் மவுன்டன் சைக்கிளுக்கும் நடுத்தரமானது) நன்றாக இருக்கும்.

தடித்த டயரும் முன்னால் சஸ்பென்ஷனும் வைத்த மவுன்டன் சைக்கிளைக் கடையில் முன்னிறுத்துவார்கள். பார்க்க அழகு. ஆனால் நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த சஸ்பென்ஷன் தின்றுவிடும். குண்டு குழிக்கு அது வேண்டாமா என்றால், டயரில் சரியான காற்றும், பள்ளம் வரும்போது சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளும் பழக்கமும் போதும். முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள், வேர்க்காமல் போக வேண்டியவர்கள் மின்சார சைக்கிள் பார்க்கலாம். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டாம்.

வண்டியோடு சேர்த்து வாங்க வேண்டியவை: பெல், பின்னால் சிவப்பு மின்னும் விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, ஹெல்மெட், நல்ல பூட்டு. விளக்கை ‘இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஜூலையில் ஆறரைக்கு மேல் மறையும் சூரியன், டிசம்பர் தொடக்கத்தில் 5.40-க்கெல்லாம் இறங்கிவிடும். அதிலும் மழை மேகம்.

சீட் உயரத்தைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விடாதீர்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி தாழ்த்திக் கொடுப்பது பல கடைகளில் வழக்கம். அப்படி ஓட்டினால் ஒரு மாதத்தில் முழங்கால் வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டு வந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள் என்பதால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்பதற்கு இரண்டு நாளில் பழகிவிடும்.

சாலையில்

ஓரம், ஓரம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒட்டிய ஓரம் ஆபத்தான இடம். மணல், உடைந்த கண்ணாடி, சாக்கடை மூடி, நிறுத்தி வைத்த காரின் திறக்கும் கதவு எல்லாம் அங்கேதான். சாலையின் இடது விளிம்பிலிருந்து ஒரு கை நீளமாவது உள்ளே வந்து நேர்கோட்டில் ஓட்டுங்கள். நிறுத்திய கார்கள் வரிசையாக இருந்தால் ஒரு கதவு திறக்கும் அளவு தள்ளிப் போங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே காலியிடம் இருக்கிறதே என்று உள்ளே போய் மறுபடி வெளியே வராதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும்.

புதியவர்கள் அதிகம் விழுவது வண்டி இடித்து அல்ல, சாலை விளிம்பில். நம் ஊரில் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடுவதால் சாலைக்கும் மண் ஓரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலப் படி உண்டாகிவிடும். பஸ் ஹார்ன் அடிக்க, நீங்கள் மண்ணில் இறங்கிவிடுவீர்கள். அது பிரச்சினை இல்லை. திரும்பி ஏறும்போதுதான் வினை. சாலைக்கு இணையாக ஓட்டிக்கொண்டே ஹேண்டில்பாரை லேசாக வலப்பக்கம் சாய்த்தால் முன்சக்கரம் ஏறாது. அந்த விளிம்பை உரசிக்கொண்டே ஓடும், சைக்கிள் உங்களுக்கு அடியிலிருந்து இடப்பக்கம் நழுவும், நீங்கள் வலப்பக்கம், அதாவது வண்டிகள் வரும் பக்கம் விழுவீர்கள். மண்ணில் இறங்கினால் மண்ணிலேயே வேகத்தைக் குறைத்து, பின்னால் திரும்பிப் பார்த்து, படிக்குக் குறுக்காக, கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக ஏறுங்கள். முடியாதென்று தோன்றினால் நின்று, தூக்கி வைத்துப் போங்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போதும் இதே விதிதான்.

பஸ்ஸைப் பற்றி. மாநகரப் பஸ் உங்களைத் தாண்டிப் போனதும் ஸ்டாப்புக்காக இடப்பக்கம் வளைக்கும். அந்த நேரத்தில் அதன் இடப்பக்கம் நுழையவே கூடாது: இறங்குகிறவர்கள் ஒரு பக்கம், பிளாட்பாரம் ஒரு பக்கம், நடுவில் நீங்கள். வலப்பக்கமாகச் சுற்றிப் போவதும் புதியவர்களுக்கு வேண்டாம், ஏனென்றால் நீங்கள் பாதி தாண்டும்போது டிரைவர் எடுத்துவிடுவார். பின்னால் நின்றுவிடுங்கள். பஸ் நிற்கும் நேரம் அரை நிமிடம். ஷேர் ஆட்டோவுக்கு ஸ்டாப் என்று ஒன்று கிடையாது. கை காட்டியவர் இருக்கும் இடமெல்லாம் ஸ்டாப். ஆகவே முன்னால் போகும் ஆட்டோவைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் கை தூக்குகிறவரைப் பாருங்கள்.

திரும்பும் முன் கையைக் காட்டுங்கள். அதற்கும் முன் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். நம் சாலைகளில் கையைவிடத் தலைக்கு மரியாதை அதிகம். சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தாலே ‘இவர் ஏதோ செய்யப் போகிறார்’ என்று பின்னால் வருகிறவர் கொஞ்சம் தயங்குவார். நேராகப் போய்க்கொண்டே ஆடாமல் திரும்பிப் பார்க்க வேண்டும். காலி மைதானத்தில் ஒரு மாலை பழகினால் வந்துவிடும். காதில் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். ராங் சைடில் எத்தனை பேர் வந்தாலும் நீங்கள் வராதீர்கள்.

நாய்: துரத்தினால் வேகமெடுப்பதுதான் இயல்பாக வரும், அதுதான் அதற்குக் குஷி. காலால் உதைக்கப் போனால் பேலன்ஸ் போகும். வேகத்தைக் குறையுங்கள். விடவில்லையென்றால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்து போங்கள். ஓடாத மனிதனிடம் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் கிடையாது. அதற்கும் மசியாத கூட்டம் உள்ள தெரு என்றால் தெருவை மாற்றுங்கள். வழி தேடச் சொன்னதே இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

சேலை, துப்பட்டா, அகலமான பேன்ட் போடுகிறவர்கள் செயின் கவரும் பின்சக்கர வலையும் உள்ள சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்வது வழக்கம். முனை பின்னால் தொங்காமல் பார்த்தால் போதும்.

வேர்வை

சென்னைப் புழுக்கத்தில் வேர்க்காமல் போக முடியாது. போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஓட்டும்போது ஒரு பழைய டி-ஷர்ட், ஆபீஸ் சட்டை பையில். வந்ததும் நேராக பாத்ரூமுக்கு ஓடி சட்டையை மாற்றாதீர்கள். உடம்பு இன்னும் பத்து நிமிடம் வேர்த்துக்கொண்டே இருக்கும், புதுச் சட்டையும் நனையும். நிழலில் நின்று தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கியபின் ஈரத்துண்டால் முகம், கழுத்து, அக்குள், முதுகு துடைத்துவிட்டு மாற்றுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினாலே வேர்வை பாதி குறையும். ஷூவையும் பெல்ட்டையும் ஆபீஸிலேயே வைத்துவிடலாம். திங்கட்கிழமை பஸ்ஸில் போய் ஐந்து சட்டையையும் கொண்டு வைத்துவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு.

பையை முதுகில் மாட்டினால் முதுகு குளிக்கும். கேரியரில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டுங்கள், லேப்டாப் இருந்தால் அடியில் மடித்த துண்டு ஒன்று.

நிறுத்துவது

இது சின்ன விஷயம் என்று நினைத்துப் போய் கேட்டிலேயே மாட்டிக்கொண்டவர்கள் பலர். சொந்த அனுபவமும் உண்டு: பெரிய கண்ணாடிக் கட்டடம், அடியில் இரண்டு மாடி பார்க்கிங், “சார், இங்க பைக், கார் மட்டும்தான்.” அங்கே நின்று சட்டம் பேசிப் பயனில்லை. “அண்ணே, அந்தத் தூணுக்குப் பின்னாடி ஓரமா வச்சுக்கறேன், யாருக்கும் இடைஞ்சல் இருக்காது” என்றதும் அவரே இடம் காட்டினார். இருந்தாலும் முதல் நாளுக்கு முன்பே கட்டட நிர்வாகத்துக்கு ஒரு மெயில் போட்டு, எங்கே நிறுத்தலாம் என்று எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. ஷிப்ட் மாறினால் செக்யூரிட்டியும் மாறுவார்.

மெல்லிய கேபிள் பூட்டை ஒரு கட்டர் நொடியில் அறுத்துவிடும். கெட்டியான யு-லாக் (U வடிவ இரும்புப் பூட்டு) வாங்கி, பின்சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்து அசையாத ஒரு கம்பியில் பூட்டுங்கள். சக்கரத்தை மட்டும் பூட்டினால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். விளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மழை

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில். நனைவது பெரிய விஷயமில்லை. தேங்கிய தண்ணீரில் ஓட்டுவதுதான் விஷயம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது: மூடியில்லாத மேன்ஹோலாக இருக்கலாம், வடிகால் வேலைக்குத் தோண்டிய பள்ளமாக இருக்கலாம். சக்கரத்தின் ரிம் மூழ்கும் அளவு தண்ணீர் என்றால் இறங்குங்கள், திரும்புங்கள். தி. நகர் துரைசாமி சுரங்கப்பாதை மாதிரி மழைக்கு நிரம்புகிற இடங்கள் உங்கள் வழியில் இருந்தால், அந்த மூன்று மாதத்துக்கு மாற்று வழி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஈர ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. முன்னதாகவே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். இரும்பு மூடி, சாலையில் அடித்த வெள்ளைப் பெயின்ட், ஈர இலை மூன்றிலும் திரும்பாதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள். முழங்கால் வரை தொங்கும் போஞ்சோவைவிட மழைக்கோட்டே மேல். போஞ்சோ காற்றில் பாய் விரித்துவிடும். ரெட் அலர்ட் வந்த நாளில் சைக்கிளை எடுக்காதவர்தான் அடுத்த மழைக்கும் ஓட்டுவார். வாரத்தில் மூன்று நாள் போனாலும் நீங்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்தான். தினமும் போயாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

காற்று, பஞ்சர், எண்ணெய்

வாரம் ஒருமுறை காற்று. எவ்வளவு என்று டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற கணக்கு முதலில் ஏமாற்றும், மீட்டர் வைத்த கைப் பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். பைக்குக்கு உள்ளது போன்ற வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலும் அடிக்கலாம். சைக்கிள் டியூப் சிறியது, ஒரேயடியாக அடித்தால் வெடிக்கும், விட்டு விட்டு அடியுங்கள். வால்டியூப் (வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்) வைத்த பழைய மாதிரி என்றால் ஒரு முழம் வால்டியூப் வாங்கி வீட்டில் வையுங்கள். பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கும் பாதிச் சமயங்களில் அதுதான் இற்றிருக்கும்.

பஞ்சர் ஒட்டப் பழகுவது நல்லதுதான், ஆனால் புதியவர் முதல் நாளே அதற்குப் பயந்து நிற்க வேண்டாம். உங்கள் வழியில் பஞ்சர் கடைகள் எங்கெங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்த்து வையுங்கள். சிலர் பைக் பஞ்சர் மட்டும்தான் போடுவார்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் ஒரு புது டியூப் இருந்தால், கடைக்காரர் பழைய டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி தேடும் நேரம் மிச்சம், உடனே மாட்டிக்கொண்டு கிளம்பலாம். டியூபைத் திரும்ப மாட்டும் முன், டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். குத்திய முள் அங்கேயே இருந்தால் அடுத்த தெருவில் மறுபடி பஞ்சர்.

செயினுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை எண்ணெய், மழை நாட்களில் நனைந்தபோதெல்லாம். விட்டபின் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியே வழியும் எண்ணெய் மண்ணைத்தான் பிடிக்கும், பேன்ட்டிலும் ஒட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும்.

வருஷத்துக்கு ஒரு ஓவராயில் போதும். மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் ஓடியபின், பொங்கல் கழித்துக் கொடுங்கள். கிரீஸ் மாற்றி, பால்ரஸ் பார்த்து, ரிம்மில் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றித் தருவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கொடுத்துவிட்டால் திங்கட்கிழமைக்குள் கைக்கு வந்துவிடும். வாங்கும்போது கடைவாசலிலேயே ஒரு சுற்று ஓட்டி, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, சீட் உங்கள் உயரத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டியவர் பழக்கதோஷத்தில் தாழ்த்தி வைத்திருப்பார்.